ஸ்டான் ஹீவெட்: டயர்ப் பணத்தில் எழுந்த டியூடர் வீடு

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஆக்ரன் நகரின் வடமேற்கே ஸ்டான் ஹீவெட் என்றொரு மாளிகை இருக்கிறது. செங்கல் சுவர்கள், கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே வெளிர் பூச்சு, ஈயப்பட்டையில் கோத்த சின்னஞ்சிறு கண்ணாடிகள், கூரைக்கு மேலே கொத்துக்கொத்தாகப் புகைபோக்கிகள். படத்தை மட்டும் காட்டினால், பதினாறாம் நூற்றாண்டில், டியூடர் அரச வம்சத்து எட்டாம் ஹென்றி காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் வீடு என்றுதான் யாரும் சொல்வார்கள். கட்டுமானம் தொடங்கிய ஆண்டு 1912. குடும்பம் குடிபுகுந்தது 1915 டிசம்பரில். கட்டியவர் மோட்டார் காருக்கு டயர் செய்து விற்றவர்.

பழைய பாணியில் புதிதாகக் கட்டிய இத்தகைய வீடுகளை நவீனக் கட்டடக்கலையாளர்கள் நெடுங்காலம் மதிக்கவில்லை. தன் காலத்துப் பொருளையும் தொழில்நுட்பத்தையும் ஒளித்துவிட்டு வேறொரு காலத்தின் தோற்றத்தை ஏற்றுக்கொண்டவை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஸ்டான் ஹீவெட்டைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை. மறுபாதியைப் பேசவே இந்த ஆய்வை எழுதுகிறேன். பாணி கடன் வாங்கியதுதான். ஆனால் வீட்டை நிலத்தில் அமர்த்திய விதத்தையும், ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கைக்கு ஏற்ப அதை வகுத்த விதத்தையும் எந்த இங்கிலாந்து வீட்டிலிருந்தும் பெயர்த்தெடுத்திருக்க முடியாது. இந்த வீடு பிழைத்து நிற்பதற்கு அவைதான் பெருங்காரணம் என்பது என் கணிப்பு.

பணம் வந்த வழி

வீட்டுச் சொந்தக்காரர் ஃபிராங்க்ளின் அகஸ்டஸ் சைபர்லிங். பிறந்தது 1859-இல். எஃப்.ஏ. என்ற முதலெழுத்துகளாலேயே அறியப்பட்டவர். 1898-இல், தொழிலில் நொடித்து 38 வயதில் நின்றவர், ஆக்ரனின் கிழக்கே மூடிக் கிடந்த ஓர் அட்டைத் தொழிற்சாலையை 13,500 டாலருக்கு விலை பேசினார். முன்பணமாகக் கொடுக்க வேண்டிய 3,500 டாலர்கூடக் கையில் இல்லை. மைத்துனரிடம் கடன் வாங்கினார். 13 தொழிலாளர்களோடு வேலை தொடங்கியது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்துக் கடனாளியாகவே இறந்துபோன சார்ல்ஸ் குட்இயரின் நினைவாக நிறுவனத்துக்குக் குட்இயர் என்று பெயர் வைத்தார். இருவருக்கும் வேறு தொடர்பு எதுவும் கிடையாது.

மிதிவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் டயர் செய்துகொண்டிருந்த ஆலைக்கு மோட்டார் கார் வந்ததும் நல்ல காலம் பிறந்தது. 1916-இல் குட்இயர் உலகின் மிகப் பெரிய டயர் நிறுவனம். 1910-இல் 69,067 பேர் வாழ்ந்த ஆக்ரனில் 1920-இல் 208,435 பேர். வீடுகள் போதவில்லை, ஒருவர் வேலைக்குப் போனதும் அவர் எழுந்த கட்டிலில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து படுத்தார். ஊரில் எப்போதும் புகையும் ரப்பர் வேகும் நெடியும்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இந்த வீட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. அமேசான் காட்டு ரப்பரை 1914 வாக்கில் மலாயா, இலங்கை, சுமத்ரா தோட்டங்களின் ரப்பர் முந்திவிட்டது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் கங்காணிகள் ஆள் சேர்த்து அழைத்துச் சென்ற தமிழர்கள். அந்தப் பால் உறைந்து தாளாகிக் கப்பலேறியபோது அதை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. அங்கே ரப்பர்த் தொழிலின் தலைநகரம் ஆக்ரன். ஓக் பலகையும் ஈயக் கண்ணாடியும் வாங்கிய பணத்தில் அந்த உழைப்பும் கலந்திருக்கிறது. வீட்டின் வரலாற்றை ஆக்ரன் எல்லையோடு நிறுத்திக்கொள்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு செய்தியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாளிகைக்கு வேலை தொடங்கிய அதே 1912-இல் தொழிலாளர்களுக்கென்று குட்இயர் ஹைட்ஸ் என்னும் குடியிருப்பையும் சைபர்லிங் தொடங்கினார். நிறுவனத்தின் இயக்குநர்கள் இசையாததால் முதலில் தன் சொந்தப் பணத்திலேயே நிலம் வாங்கினார். இங்கிலாந்துக் கிராம வீடுகளின் சாயலில், தவணையில் விலை கட்டி முடிக்கலாம் என்ற ஏற்பாட்டில் வீடுகள் எழுந்தன. குடியிருப்பின் நிலத்திட்டத்தை வகுத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த வாரன் மேனிங். மாளிகையின் நிலத்தையும் அவர்தான் வடிவமைத்தார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே வடிவமைப்பாளர், ஒரே சாயல் என்பது அந்தக் காலத்துக்கு அரிது. அதை வைத்து உறவு சுமுகமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1913 பிப்ரவரியில் ஆக்ரன் ரப்பர் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்து மார்ச் வரை நீடித்தது. நகரின் கிழக்கே மறியல் நடந்தபோது மேற்கே மாளிகை வளர்ந்துகொண்டிருந்தது.

முதலில் நிலம்

மாளிகை இருக்கும் சாலையின் பெயர் போர்ட்டேஜ் பாத். கயஹோகா ஆற்றுக்கும் டஸ்கராவாஸ் ஆற்றுக்கும் இடையில் பூர்வகுடி மக்கள் படகைத் தோளில் சுமந்து கடந்த சுமார் எட்டு மைல் தடம் அது. 1785-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றில் பூர்வகுடி நிலத்தின் எல்லைக்கோடாக இந்தத் தடத்தைக் குறித்தார்கள். ஆக்ரனில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் ஆலைப்புகை கிழக்கே போகும். வசதி படைத்தவர்கள் மேற்குப் பக்கம் வீடு கட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைபர்லிங் வாங்கிய பண்ணை நிலத்தில் வேலை நின்றுபோன மணற்கல் குவாரி ஒன்று இருந்தது. வீட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஸ்டான் ஹீவெட் என்றால் பழைய ஆங்கிலத்தில் கல்வெட்டான்குழி. வேறு யாராக இருந்தாலும் குழியை மண் கொட்டி மூடியிருப்பார்கள், அல்லது அதற்கு முதுகு காட்டி வீடு கட்டியிருப்பார்கள். மேனிங் அதை நீர்நிலைகளாக்கினார். குவாரியின் விளிம்பில், மேட்டின் ஓரத்தில் வீட்டை நிறுத்தினார். பின்புறத் தளவரிசையில் நின்றால் நிலம் சரிந்து இறங்கி, மரங்களுக்கு அப்பால் கயஹோகா பள்ளத்தாக்கு விரியும்.

மேனிங், நியூயார்க்கின் மத்தியப் பூங்காவை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டின் அலுவலகத்தில் தேர்ந்தவர். இருக்கும் மரத்தை வெட்டி வெறுமையாக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது அவருக்குப் பிடிக்காது. சாலையிலிருந்து வருபவர் பழைய ஆப்பிள் தோப்பின் ஊடாகவே வீட்டை நெருங்கும்படி வழி அமைத்தார். வீடு ஒரேயடியாகக் கண்ணில் படாது. தோப்பு முடியும் இடத்தில்தான் அதன் முழு நீளமும் தெரியவரும்.

வடக்கே நடக்கப் போகிறவருக்கு இருபுறமும் வெண்பட்டை பிர்ச் மரங்கள் சாய்ந்து கூடும் 550 அடி நீளப் பாதை. அதன் முடிவில் நீர்நிலைகளைப் பார்த்தபடி தேநீர் மண்டபங்கள். தெற்கேயும் ஒரு மரவரிசைப் பாதை. வீட்டுக்குள் ஓடும் நீண்ட அச்சுக்கோடுதான் சுவரைத் தாண்டி வெளியே மரங்களாகத் தொடர்கிறது. வரைபடத்தில் விரலை வைத்து இந்தக் கோட்டை ஒருமுறை நகர்த்திப் பார்த்தால் போதும், கட்டடக்கலைஞரும் நிலவடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். உண்மையான டியூடர் வீடுகளில் இது கிடையாது. அவை வயலையும் முற்றத்தையும் பார்த்து உள்ளொடுங்கி நின்றவை. வெளியை நோக்கி இத்தனை தூரம் கைநீட்டுவது டியூடர் காலத்துக்குப் பிந்தைய வழக்கம்.

இங்கிலாந்தில் எதைப் பார்த்தார்கள்

கட்டடக்கலைஞர் கிளீவ்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஷ்னைடர். உள் அலங்காரத்தை நியூயார்க்கின் ஹ்யூகோ ஹியூபர் பார்த்துக்கொண்டார். வரைபடம் முடிவாவதற்கு முன், 1912-இல், சைபர்லிங் தம்பதியும் ஷ்னைடரும் இங்கிலாந்துக்குப் போய்ப் பழைய நாட்டுப்புற மாளிகைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்று வீடுகள் அவர்கள் மனத்தில் நின்றன: வார்விக்ஷைரில் செங்கல்லால் ஆன காம்ப்டன் வின்யேட்ஸ், பெர்க்ஷைரில் மரச்சட்டகத்தால் ஆன ஆக்வெல்ஸ், டெர்பிஷைரில் கல் கோட்டைபோல் நிற்கும் ஹாடன் ஹால்.

இவை மூன்றும் ஒரே ஜாடை கொண்டவை அல்ல. ஆக்வெல்ஸ் டியூடர் அரசர்கள் ஆட்சிக்கு வருவதற்கும் முந்தியது. ஹாடன் ஹால் பல நூற்றாண்டுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டியது. ஒருவர் மண்டபம் கட்டுவார், பேரன் மாடி ஏற்றுவார், அடுத்து வருபவர் ஜன்னலைப் பெரிதாக்குவார். டியூடர் வீடுகளின் ஒழுங்கின்மைக்கு இதுதான் காரணம். சமச்சீராக எதுவும் இல்லாமல் இருப்பது அழகுக்காகத் திட்டமிட்டதன்று. வீடு வளர்ந்த தடம் அது.

ஷ்னைடர் இந்தத் தடத்தை ஒரே கட்டுமானத்தில் உருவாக்க வேண்டியிருந்தது. முகப்பில் ஒரு பகுதி முழுச் செங்கல், இன்னொரு பகுதியில் மரச்சட்டம், நடுவே கல் இழைத்த வாயில், கோபுரம். பல தலைமுறைகள் கைவைத்தது போன்ற தோற்றம். இந்த இடத்தில் விமர்சகர்கள் சொல்வதை ஏற்கிறேன்: இல்லாத முன்னோர்களை ஒரு சுவர் பாவனை செய்கிறது. புதுப்பணம் படைத்தவர்கள் அமெரிக்கா முழுக்க இதைத்தான் நாடினார்கள். பங்குத்தரகர் டியூடர் என்ற பட்டப்பெயரே பின்னால் உண்டாயிற்று. இங்கிலாந்தில் நார்மன் ஷா போன்ற கட்டடக்கலைஞர்கள் 1860-களிலேயே தொடங்கிவைத்த அலை அது. செங்கல்லை வெறும் மேலுறையாக ஒட்டும் முறை பரவிய பிறகு, 1920-களில், அமெரிக்கப் புறநகர்களில் நடுத்தரக் குடும்பத்து வீடுகள் வரைக்கும் இறங்கியது.

மரச்சட்டத்தைக் கொஞ்சம் கவனிப்போம். பழைய வீட்டில் ஓக் தூண்களும் விட்டங்களும்தான் கூரையைத் தாங்கின. சட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் வரிச்சுக் கட்டி, மண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்து அப்பிச் சுண்ணாம்பு பூசினார்கள். எடுத்துவிட்டால் வீடு விழும் என்பதால் சட்டம் வெளியே தெரிந்தது. மறைக்கக் காரணமும் இல்லை, வசதியும் இல்லை. ஸ்டான் ஹீவெட்டில் சுமையை ஏற்பது இரும்பும் கான்கிரீட்டும். முகப்பில் தெரியும் மரம் எதையும் தாங்கவில்லை. நேர்மை என்ற ஒற்றை அளவுகோலை வைத்தால் வீடு இங்கே தோற்றுவிடும்.

ஜன்னல் வேறு கதை. பதினாறாம் நூற்றாண்டில் பெரிய கண்ணாடி செய்ய முடியாது. சின்னச் சின்னத் துண்டுகளை ஈயப்பட்டையில் கோத்தார்கள். 1915-இல் அகலமான ஒற்றைக் கண்ணாடி தாராளமாகக் கிடைத்தது. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கோத்து வைத்ததற்குத் தோற்றம் மட்டும் காரணமில்லை. கையால் பதித்த துண்டுகள் ஒரே தளத்தில் அமைவதில்லை. ஒவ்வொன்றும் இம்மியளவு வெவ்வேறு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் வெயில் உள்ளே வரும்போது உடைந்து சிதறி, இருண்ட ஓக் பலகைமேல் அசைகிறது. அகன்ற கண்ணாடி வைத்திருந்தால் அந்த அறைகள் கண்கூசும் பிரகாசமாகவும் மூலைகள் கும்மிருட்டாகவும் இருந்திருக்கும். கருமரம் சூழ்ந்த அறைக்கு இந்த ஜன்னல்தான் பொருத்தம் என்பதை ஷ்னைடர் புரிந்துகொண்டிருக்கிறார். பழைய உத்தி ஒன்று புதிய வீட்டில் உண்மையாகவே வேலை செய்யும் இடம் இது.

குடும்பம் வாழ்ந்த வீடு

ஏறத்தாழ 64,500 சதுர அடி, 65 அறைகள். எண்ணைக் கேட்டதும் அரண்மனை என்று தோன்றும். ஆறு பிள்ளைகள், வந்துபோகும் உறவினர், தங்கிச் செல்லும் விருந்தினர், வேலையாட்கள் என்று எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அறைகளின் பகிர்வு தெளிவாகிறது.

வாயிலுக்கு மேலே கல்லில் ஒரு லத்தீன் வாசகம்: நோன் நோபிஸ் சோலும், அதாவது நமக்கு மட்டும் அல்ல. உள்ளே நுழைந்தால் பெருமண்டபம். டியூடர் வீட்டில் பெருமண்டபம் என்பது எசமானரும் ஊழியரும் சேர்ந்து உண்ணும், வழக்குத் தீர்க்கும், இரவில் பலர் படுத்துறங்கும் இடம். சைபர்லிங் வீட்டில் அதற்குக் கிடைத்த வேலை குடும்பத்தின் கூடம். உயரே ஓக் கூரை, பெரிய கல் கணப்பு, அதைச் சுற்றி இருக்கைகள். குடும்பம் ஒன்றுகூடிய இடம். நம்மூர்ப் பெரிய வீடுகளில் முற்றத்தைச் சுற்றியுள்ள பட்டாசாலை எப்படியோ, இங்கே பெருமண்டபம் அப்படி. எந்தப் பக்கம் போவதானாலும் அதைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

வீட்டம்மா கெர்ட்ரூட் சைபர்லிங் பயிற்சி பெற்ற பாடகி. இசை அறை அவருக்காகவே அமைந்தது. பெருமண்டபத்தின் கருமரத்துக்கு மாறாக, இங்கே மேலே சுதை வேலைப்பாடு செறிந்த விதானம், தொங்கும் படிக விளக்குகள், குழல்கள் மறைவாக வைத்த, ஏயோலியன் நிறுவனம் செய்த ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவி. சாப்பாட்டு அறையில் சுவரின் மேற்பகுதி நெடுக, ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேண்டர்பரி கதைகளில் வரும் யாத்திரிகர்களின் ஓவியம். காலைச் சிற்றுண்டிக்குத் தனியாக ஒரு சின்ன அறை. அதற்கு வெளியே நீலமும் மஞ்சளும் மட்டும் பூக்கும் ஒரு சிறு தோட்டம். அறையின் நிறம் அப்படியே வெளியே நடந்துபோனது போல இருக்கும். இவ்வளவு பெரிய வளாகத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது அந்தச் சிற்றுண்டி அறைதான். பெருமண்டபம் விருந்தாளிக்குப் பதில் சொல்கிறது. சிற்றுண்டி அறை வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் வசதிகள் எதையும் குடும்பம் விட்டுக்கொடுக்கவில்லை. மின்விளக்கு, தொலைபேசி, அடித்தளத்தில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கு இடம், குழாய் வழியே வீடு முழுக்க வெப்பம். வெப்பக் கருவிகள் செதுக்குவேலை செய்த மறைப்புகளுக்குப் பின்னால் போயின. தொலைபேசிகள் சுவர்ப் பலகைகளுக்குள் ஒளிந்தன. ஓக் பலகைகளில் துணி மடிப்பைப் போன்ற செதுக்கல் டியூடர் காலத்து அடையாளம். அந்த மடிப்புகளுக்கு அடியில் மின்கம்பி ஓடுகிறது.

இப்படி ஒளிப்பதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. புதிய கருவிகளைச் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கவிட்டிருந்தால், பத்தாண்டுக்கு ஒருமுறை கருவி மாறும்போது சுவரும் சிதைந்திருக்கும். பலகைக்குப் பின்னால் விட்ட இடைவெளி பழுதுபார்ப்பவர் கை நுழைவதற்கும் இடம் கொடுக்கிறது. பழைய கட்டடங்களில் புதிதாக வயரிங் செய்யச் சுவரைக் கொத்திக் குதறும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விருந்தும் வீழ்ச்சியும்

1916 ஜூனில் புதுமனை விருந்து. ஷேக்ஸ்பியர் இறந்து 300 ஆண்டு நிறைவையொட்டி, விருந்தினர் எல்லோரும் எலிசபெத் காலத்து உடையில் வந்தார்கள். வீடும் அதில் வந்தவர்களும் ஒரே நாடகத்தில் இருந்த இரவு அது.

ஐந்து ஆண்டு கழிந்தது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய செழிப்பில் அதிக விலைக்கு ரப்பரும் பருத்தியும் வாங்கிக் குவித்திருந்த குட்இயர், 1920-இல் விலை சரிந்தபோது தாங்க முடியாமல் தள்ளாடியது. 1921-இல் நியூயார்க்கின் தில்லன் ரீட் முதலீட்டு வங்கி முன்னின்று மறுநிதி ஏற்பாடு செய்தது. எஃப்.ஏ. தான் தொடங்கிய நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். வயது 61, பெயரில் பெருங்கடன். அதே ஆண்டில் தம்பி சார்ல்ஸோடு சேர்ந்து சைபர்லிங் ரப்பர் என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார். குட்இயர் அளவுக்கு அது என்றுமே வளரவில்லை.

ஆய்வின் முக்கியமான கட்டம் இதுதான். இதே நிலைமையில் அக்காலத்துப் பெருமாளிகைகள் பல ஏலத்துக்குப் போயின, பிறகு மனைகளாகத் துண்டாடப்பட்டன. ஸ்டான் ஹீவெட்டின் நிலமும் காலப்போக்கில் பெருமளவு சுருங்கி, இன்று சுமார் 70 ஏக்கர்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் வீடு கைமாறவில்லை, குடும்பமும் வெளியேறவில்லை. பகட்டுக்காக மட்டும் கட்டியிருந்தால் பகட்டு போன அன்று அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காரணமே இருந்திருக்காது. பிள்ளைகள் வளர்ந்த இடம், பேரப்பிள்ளைகள் வரும் இடம், கெர்ட்ரூட் கையால் மண் கிளறிய தோட்டம் என்பதால்தான் விடாமல் பற்றிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். 1929-இல், கடன் சுமை தீராத காலத்திலும், மதில் சூழ்ந்த இங்கிலீஷ் தோட்டத்தைப் புதிதாக வடிவமைக்க நிலவடிவமைப்பாளர் எலன் பிடில் ஷிப்மனை அழைத்தார் கெர்ட்ரூட். பெண்களுக்கு அந்தத் தொழிலில் கதவு திறக்காத காலத்தில் தன் அலுவலகத்தில் பெண்களையே பயிற்றுவித்து வேலைக்கு வைத்துக்கொண்டவர் ஷிப்மன். அவர் வரைந்த நடவுத் திட்டத்தைக் கொண்டு பின்னாளில் தோட்டத்தை மீட்டெடுத்தார்கள். அவருடைய படைப்புகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்ட நிலையில், பொதுமக்கள் நடந்து பார்க்கக்கூடிய சிலவற்றில் இதுவும் ஒன்று.

காவல் வீட்டில் ஒரு மாலை

வளாகத்தின் நுழைவாயிலில் மாளிகையின் சாயலிலேயே ஒரு சிறிய காவல் வீடு உண்டு. 1930-களில் எஃப்.ஏ.யின் மருமகள் ஹென்ரியட்டா, கணவரைப் பிரிந்து, பிள்ளைகளோடு அங்கே குடியிருந்தார். 1935 மே மாதம் நியூயார்க்கிலிருந்து வியாபார வேலையாக வந்த பில் வில்சன் என்பவர், அந்த வேலை தோற்றுப்போய், விட்டிருந்த குடியை மறுபடி தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று தேவாலயங்களுக்குத் தொலைபேசி செய்தார். அந்த அழைப்புகளின் முடிவில் கிடைத்தவர் ஹென்ரியட்டா. குடியால் தொழிலையே இழந்துகொண்டிருந்த அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தை அவருக்கு முன்பே தெரியும். மே 12, அன்னையர் தினம், மாலை ஐந்து மணிக்கு இருவரையும் காவல் வீட்டில் சந்திக்க வைத்தார். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்த மருத்துவர் இரவு வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பினார். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று குடியை விட உதவும், இன்று உலகெங்கும் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது. ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10 அதன் தொடக்க நாளாகக் கருதப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் ஆயிரக்கணக்கானோர் ஆக்ரனுக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் மாளிகையைவிட அந்தச் சிறு வீட்டையே தேடி வருகிறார்கள்.

கட்டடக்கலை வரலாறு எழுதுபவர்கள் இந்த நிகழ்ச்சியை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பெரிய வீடு ஒன்று தன் வாயிலில் சிறிய வீடொன்றையும் வைத்திருந்ததால்தான், கணவரைப் பிரிந்த ஒரு பெண்ணுக்குத் தன் பிள்ளைகளோடு தனியாக வாழ இடம் கிடைத்தது; முன்பின் தெரியாத ஒருவரை மாமனார் வீட்டுச் சபையைக் கடக்க வைக்காமல் நேரே உள்ளே அழைக்கவும் முடிந்தது. வளாகத்தின் அமைப்புக்கும் அந்த மாலைக்கும் தொடர்பு இருக்கிறது.

கொடுத்தபின்

கெர்ட்ரூட் 1946-இல் மறைந்தார். எஃப்.ஏ. 1955-இல், 95 வயதில். பிள்ளைகள் 1957-இல் வீட்டையும் சுற்றியுள்ள நிலத்தையும் இதற்கென்றே அமைந்த லாபநோக்கற்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களும் வீட்டோடு போயின. இத்தகைய மாளிகைகளில் அறைக்கலன்கள் ஏலத்தில் சிதறிப்போய்ப் பின்னாளில் அதே காலத்துப் பொருளைத் தேடிப் பொருத்துவதுதான் வழக்கம். இங்கே குடும்பம் பயன்படுத்திய பொருள்களே பெரும்பாலும் அந்தந்த அறைகளில் இருக்கின்றன. 1981-இல் ஸ்டான் ஹீவெட் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பராமரிப்பவர்களின் முன்னால் உள்ள வேலை இரண்டு விதமானது. கட்டடத்தில் ஈயம் தளர்ந்து ஜன்னல்கள் வளையும், கூரை கசியும், மணற்கல் அரிக்கும். இவற்றுக்குக் கைத்தொழில் தெரிந்தவர்கள் வேண்டும். நிலத்தின் சிக்கல் வேறு. பிர்ச் நெடுநாள் வாழும் மரமன்று. மேனிங் வகுத்த பாதையைக் காப்பதென்றால் மரத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். கட்டடக் காப்பில் மூலப்பொருளை மாற்றாமல் வைத்திருப்பது விதி. தோட்டக் காப்பில் மரம் மாறிக்கொண்டே இருந்தாலும் இடைவெளியும் உயரமும் நிழலும் மாறாமல் வைத்திருப்பது விதி. ஒரே வளாகத்தில் இரண்டையும் நடத்துவது எளிதன்று. ஸ்டான் ஹீவெட் இதைச் செய்துகாட்டியிருப்பதால்தான் பழைய வீடுகளைக் காப்பவர்களுக்கு அது பாடமாகிறது.

ஹென்ரியட்டாவின் மகன் ஜான் சைபர்லிங் 1918-இல் பிறந்து, தாத்தா வீட்டு வளாகத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வளர்ந்தவர். வழக்கறிஞராகி, 1971 முதல் 1987 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினராக இருந்தார். ஆக்ரனுக்கும் கிளீவ்லாந்துக்கும் நடுவே கயஹோகா பள்ளத்தாக்கு சாலைகளுக்கும் மனைகளுக்கும் பலியாகிவிடும் என்ற நிலையில், அதைத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக்கும் சட்டத்துக்காக அவைக்குள் பாடுபட்டவர் அவர். 1974 டிசம்பரில் சட்டம் கையெழுத்தானது. 2000-இல் அது கயஹோகா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. பரப்பு சுமார் 33,000 ஏக்கர்.